பாதி இறங்கிய ஷட்டர்

மறுபடியும் தாடையை ஆட்டிவிட்டான் ரோலண்ட். தணிகாசலம் பார்த்துவிட்டார். பார்க்காமல் என்ன, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறார். சாக்ஸஃபோனை உதட்டிலிருந்து எடுத்தான், தாடையை லேசாக ஒரு வெட்டு வெட்டினான், கீபோர்டுக்குப் பின்னால் இருந்த பியூலா சரி என்பதுபோல இமையைத் தாழ்த்தினாள், அவ்வளவுதான், அவள் விரல்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. பியூலா வேறு யாருமில்லை, தணிகாசலத்தின் மனைவி. மார்க்கெட்டில் நின்று இவர் கண்ஜாடை காட்டி, வேண்டாம், விலை ஜாஸ்தி சொல்கிறான், வா போகலாம் என்றால், "ஏங்க, கண்ணுல தூசி விழுந்துட்டா?" என்று கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பவள். இத்தனை வருஷக் கல்யாணத்தில் இவருடைய ஒரு ஜாடை அவளுக்குப் புரிந்ததில்லை. இவன் தாடையை ஆட்டினால் புரிகிறதாம். அடேங்கப்பா. கைதட்டல் வேறு. ஒருவர் தன் பங்கை வாசித்து முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, நடுவில் கைதட்ட வேண்டுமாம், அதுதான் ஜாஸில் மரியாதையாம், கடைக்காரி மெஹர் மாசாமாசம் சொல்லிச் சொல்லிப் பெரம்பூர்க்காரர்களைப் பழக்கிவிட்டாள். ரயில்வே லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ரிட்டையரான பெரியவர்களெல்லாம் என்னவோ பிறந்ததிலிருந்தே ஜாஸ் கேட்டவர்கள் மாதிரி தலையை ஒருக்களித்துக்கொண்டு தட்டுகிறார்கள். ஈசல் புத்தகக் கடை என்று பெயர். சந்துக்குள் ஒரு ஷட்டர், உள்ளே நாலு சுவரும் புத்தகம், மாசக் கடைசி சனிக்கிழமை மேஜையையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் அது கச்சேரி மண்டபம், இலக்கியக் கூட்டமும் அதிலேயே. இந்த மாசம் படிக்கப்போகிறவர் எழுத்தாளர் தணிகாசலம். வாசலில் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. அவர் பெயரைவிட ரோலண்ட் பெயர் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கிறது. தற்செயலாம். போஸ்டர் அடித்தவன் கம்ப்யூட்டரில் தானாக அப்படி வந்துவிட்டதாம். எல்லாமே இந்த ஊரில் தானாகத்தான் வருகிறது.

நாற்காலியை இங்கே, சுவரோரமாக, மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் போட்டது யார்? கதை படிக்கிற ஆளை முன்வரிசையில் உட்காரவைப்பதுதானே முறை. தணிகாசலம் பார்க்காத கூட்டமா. வரவேற்புரை இருக்கும், பொன்னாடை இருக்கும், அடுத்ததாக நமது அன்புக்குரிய எழுத்தாளர் என்று ஆரம்பித்து ஒருவர் பேசுவார், பெயர் சொல்லிக் கூப்பிட்டபிறகு இவர் எழுந்து, கைகூப்பி, மூக்கைச் சிந்தி, மெதுவாக நடந்து போவார். கூப்பிடாமல் எழுந்தால் அது என்ன மரியாதை, சாப்பாட்டுப் பந்தியா. "உங்க முறை வர்றப்ப உங்களுக்கே தெரியும் சார், மத்தபடி ரிகர்சல்ல பேசிக்கலாம்" என்று மெஹர் சொன்னாள். ரிகர்சலுக்கு அவர் போகவில்லை. கதை படிக்க என்ன ரிகர்சல் வேண்டியிருக்கிறது? போகாததற்கு அதுதான் காரணம் என்று பியூலாவிடம் சொன்னார். நிஜக் காரணத்தை யாரிடம் சொல்ல முடியும். கீழ்த்தட்டில், சமையல் புத்தகங்களுக்கு அடியில் அவருடைய ஒரே தொகுதியின் முதுகு தெரிகிறது. போன தடவை நடுத்தட்டில் இருந்தது. யார் மாற்றினார்கள்? சட்டையின் இடது பையைத் தொட்டுப் பார்த்தார், மழைக் கதை இருக்கிறது, படிப்பதாக ஒப்புக்கொண்டது அதுதான், சாதுவான கதை, பழசு, யாருக்கும் வலிக்காது. வலது பையைத் தொட்டார். அதுவும் இருக்கிறது. அந்தக் கதைக்கு 'சுருதி' என்று பெயர் வைத்திருந்தார். எழுதவே வராமல் வறண்டு கிடந்த கை, ஒரே மூச்சில் எழுதியது. தஞ்சாவூரில் ஒரு வீணை டீச்சர், கூட வாசிக்க வருகிற வயலின்காரன், தபால் ஆபீஸில் வேலை செய்யும் புருஷன். ஊரை மாற்றினார், வாத்தியத்தை மாற்றினார், மதத்தை மாற்றினார். ஆனால் கேட்கிறவளுக்குத் தெரியும். வீட்டுக்குள் இருக்கும் திருடியை எந்தப் பூட்டு தடுக்கும்? அதுதான் முதல் வரி. அந்த வரியை மைக்கில், இத்தனை பேர் முன்னால், அவள் கீபோர்டில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவள் முகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும். முகம் காட்டிக்கொடுத்துவிடும். வெளுக்கும், அல்லது விரல் தப்பும். விரல் தப்பினால் போதும், முடிந்தது, இரவு கேட்க வேண்டியதே இல்லை. அதற்குப் பிறகு என்ன? அதற்குப் பிறகு என்ன என்பதை அவர் யோசிக்கவில்லை. தெற்கே நாசரேத்திலிருந்து அப்பா அம்மாவை எதிர்த்துக்கொண்டு, இவர்தான் வேண்டும் என்று ஒரு தகரப்பெட்டியோடு எழும்பூரில் இறங்கியவள். அந்தப் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதை அவள் மறுபடி வெளியே இழுத்தால்?

இல்லை, தானாகச் சந்தேகப்படுகிற ஆள் அல்ல அவர். காரணம் இருக்கிறது. பியூலாவின் சர்ச்சில் கிறிஸ்துமஸ் கொயர் பாட்டுக்குத் துணை வாசிக்க வந்தான் ரோலண்ட், ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியன், பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் ஆஸ்திரேலியா. ஸ்கூல் ஆபீஸ் வேலை, சர்ச்சில் ஆர்கன் என்று சும்மா இருந்தவளை ஜாஸ் பக்கம் இழுத்தவன் அவன். அதிலிருந்து அவள் சமையலறையில் முணுமுணுக்கிறாள். தூக்கத்தில் இவர் முதுகில் விரலால் தாளம் போடுகிறாள், கடவுளே, அது யார் முதுகு என்று நினைத்துக்கொண்டு? போனில் பேசிக்கொண்டிருப்பாள், இவர் உள்ளே நுழைந்தால், "சரி, நேர்ல சொல்லுதேன்" என்று வைத்துவிடுவாள். ஒரு நாள் காலையில் மணிக்கட்டில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள், மணமாக இருந்தது, தைலமாம். அதுவரைக்கும்கூட அவர் தன்னைத் தானே அதட்டி வைத்திருந்தார். 'சுருதி'யை எழுதி, யாரும் தொடாத பெரிய அகராதிக்குள் சொருகி, தீர்ந்தது என்று கைகழுவியாகிவிட்டது. அப்புறம்தான் அந்த ரிகர்சல் சாயங்காலம். ரிகர்சலுக்குப் போகவில்லை என்றால், கடைக்குள் போகவில்லை. எதிர் டீக்கடையில் நின்றார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பாதி இறக்குவானேன்? முழுக்கத் திற, இல்லை முழுக்க மூடு, இதென்ன பாதி. கொஞ்ச நேரம் பாட்டு கேட்டது, சிரிப்பு கேட்டது, சரி. அப்புறம் ஒன்றுமில்லை. நிசப்தம். ஒரு டீ குடித்தார், இன்னொரு டீ குடித்தார், வேண்டாத ஒரு பிஸ்கட்டைத் தின்றார், ஷட்டருக்குக் கீழே கால்கள்கூட அசையவில்லை. வாசிக்க வந்தவர்கள் வாசிக்காமல் அத்தனை நேரம் உள்ளே என்ன செய்தார்கள்? பிறகு குனிந்து வெளியே வந்தான் ரோலண்ட், கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. பின்னாலேயே பியூலா. அவன் தோளில் கைவைத்தாள். நடுத்தெருவில், தெருவிளக்கு வெளிச்சத்தில், அவர் மனைவி இன்னொருத்தன் தோளில் கைவைத்து ஏதோ சொன்னாள், அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். தணிகாசலம் டீ கிளாஸை வைத்துவிட்டு, மிச்சக் காசைக்கூட வாங்காமல் நடந்தார். வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்து கதையை எடுத்தவர், சட்டைப் பையை விட்டு இன்னும் இறக்கவில்லை. "ரிகர்சல் எப்படிப் போச்சு?" என்று அன்று கேட்டார், குரல் மாறாமல். "நல்லாப் போச்சுங்க" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடக்கிக்கொண்ட சிரிப்போடு. அந்தச் சிரிப்பை அவர் அன்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறார்.

கைதட்டல் ஓய்ந்து அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. மெதுவான பாட்டு. டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார், அரிசி புடைக்கிற மாதிரி சத்தம் வருகிறது. ரோலண்ட் ஒரு சுற்று ஊதினான், பியூலா ஒரு சுற்று வாசித்தாள், தாடை, இமை, எல்லாம் நடந்தது. அப்புறம் பாட்டு முடிய வேண்டுமே, முடியவில்லை. பாட்டில் ஒரு சின்னத் துண்டையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். வந்த வழியே போகிறது, போன வழியே வருகிறது, முட்டுச்சந்தில் மாட்டிய ஆட்டோ மாதிரி. ஏன்? ரோலண்ட் ஊதவேயில்லை, சாக்ஸஃபோனை மார்போடு அணைத்துக்கொண்டு சும்மா நிற்கிறான். நின்று, இந்தப் பக்கம் பார்க்கிறான். தாடையை ஆட்டுகிறான். யாரைப் பார்த்து? அவரைப் பார்த்துத்தான். தெரியும்டா எனக்கு என்கிறானா? எதிர் டீக்கடையில் நின்றாயே, பார்த்தேன் என்கிறானா? முடியாது, அங்கே இருட்டு. இருட்டா? பஜ்ஜிச் சட்டிக்கு மேல் குண்டு பல்பு எரிந்ததே. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையல் புத்தகங்களைப் பார்த்தார். துண்டு இன்னொரு முறை சுற்றியது. முன்வரிசையில் ஒருவர் திரும்பி அவரைப் பார்த்தார். இன்னொரு அம்மாள் பார்த்தாள். புரிந்துவிட்டது. கூட்டத்தை இழுக்கிறார்கள். நேரமாகட்டும் என்று இழுக்கிறார்கள், கடைசியில் மெஹர் வந்து, நேரமின்மை காரணமாக எழுத்தாளர் அவர்களின் கதையை அடுத்த மாதம் கேட்போம் என்பாள், எத்தனை கூட்டத்தில் பார்த்தாயிற்று இந்த வித்தையை. ஓரமாக உட்காரவைத்ததே அதற்குத்தான். வலது பை கனத்தது. இவர்கள் விடாவிட்டால் எப்படிப் படிப்பது? எழுந்து கத்திவிடலாமா? துண்டு மறுபடி வந்தது. இப்போது பியூலாவும் பார்க்கிறாள். சிரிக்கவில்லை. வலது கையை எடுத்து இடது மணிக்கட்டை ஒரு தரம் அமுக்கிவிட்டுக்கொண்டாள், இடது கை நிற்காமல் அந்தத் துண்டையே வாசித்துக்கொண்டிருந்தது. வலிக்கிறது. அவளுக்கு அந்த மணிக்கட்டு பழைய வலி, மழைக்காலத்தில் சப்பாத்தி தேய்க்கக்கூட விடமாட்டார் இவர். தைலம்தான் அது, நிஜமாகவே தைலம்தான் போலிருக்கிறது. வலிக்கிறதென்றால் நிறுத்தித் தொலைய வேண்டியதுதானே, யாருக்காக இந்தப் பிடிவாதம், எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தலாம்போல வந்தது அவருக்கு, அந்த நினைப்பு வந்ததில் அவருக்கே கோபமும் வந்தது.

மெஹர் நாற்காலிகளுக்கு நடுவே குனிந்தபடி வந்து அவர் காதருகே உட்கார்ந்தாள்.

"சார், எழுந்துக்கலையா?"

"கூப்பிடலையேம்மா."

"கூப்பிட்டுட்டேதானே இருக்காங்க! உங்களுக்காகத்தான் அந்த இடத்தையே சுத்திச் சுத்தி வாசிக்கிறாங்க. நீங்க வந்து மைக்ல நிக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டாங்க, அதுதான் இதுல வழக்கம். ரோலண்ட் அங்கிள் எத்தனை தடவை தலையாட்டுறார், பாருங்க. அதுக்கு, இப்ப நீங்கன்னு அர்த்தம் சார். ரிகர்சலுக்கு வந்திருந்தா காட்டியிருப்போம்ல."

இப்ப நீங்க. அவ்வளவுதானா? தாடையை வெட்டுவதற்கு அவ்வளவுதான் அர்த்தமா? அவர் எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. கைகூப்ப மறந்துவிட்டார். இருக்கட்டும், அவ்வளவுதான் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் ஷட்டர்? அந்த நிசப்தம்? கர்சீப்? தோளில் கை? நாற்காலிகளை இடித்துக்கொண்டு நடக்கும்போது வலது கை தானாக வலது பைக்குள் போயிற்று. "வாங்க மேன், வாங்க" என்று ரோலண்ட் ஓரமாக நகர்ந்து மைக்கை அவர் உயரத்துக்குத் தாழ்த்தினான். மைக்குக்கு முன்னால் நோட்ஸ் வைக்கிற ஸ்டாண்டில் ஏற்கெனவே தாள்கள் இருந்தன. கம்ப்யூட்டரில் அடித்த தாள்கள், குழந்தைப் பாடப் புத்தகம் மாதிரி பெரிய பெரிய எழுத்து. மேலே தலைப்பு. சுருதி.

தணிகாசலம் அதைப் பார்த்தார். பைக்குள் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. கீபோர்ட் பக்கத்திலிருந்து பியூலா, இடது கை வாசித்துக்கொண்டிருக்க, சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"கண்ணாடி கொண்டாரலைல்ல? தெரியும். அதான் ஸ்கூல்ல வச்சுப் பெரிசா அடிச்சேன்."

"இது... இது எப்படி உன்கிட்ட..."

"அகராதியத் தூசி தட்டுனேன், விழுந்துச்சு. அடிச்சு முடிச்சுட்டு அப்படியே திருப்பி வச்சுட்டேன். கேட்டா வேண்டாம்னுதான சொல்லுவிய. அந்த மழைக் கதை கிடக்கட்டும்ங்க, இதுதாங்க உங்க கதை. அன்னைக்கு ரிகர்சல்ல மெஹர் சத்தம் போடாம, மெதுவா வாசிச்சா, பேண்டுல உள்ள நாங்க மூணு பேரும் கேட்டுட்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம். ரோலண்ட் அழுதுட்டாரு, பாவம். அந்தப் பொம்பள தப்புப் பண்ணினாளா இல்லையான்னு கடைசி வரைக்கும் நீங்க சொல்லவேயில்ல பாத்தியளா, அதுதாங்க அதுல அழகு."

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, அவருக்கே தெரியாதே. அவள் முகத்தில் தேடினார், இத்தனை நாள் தேடிய அதே இடங்களில், கண்ணோரத்தில், உதட்டு நுனியில். ஒன்றுமில்லை. வீணை டீச்சரில் அவள் தன்னைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே அவள் இருந்தால்தானே.

"அந்தப் புருஷன்காரன்தாங்க என்னைய என்னவோ பண்ணிட்டான்" என்றாள் பியூலா. "பாவம், யாராச்சும் போய் அவன் பக்கத்துல உட்காரணும்போல இருந்துச்சு. அதான் கடைசிப் பக்கத்துல அவன் தனியா நிக்கிற இடத்துல மத்தவங்களை நிறுத்தச் சொல்லிட்டு நான் மட்டும் வாசிக்கேன். பென்சில்ல போட்டிருக்கேன் பாருங்க. சரி, படிங்க, கை வலிக்குது."

துண்டு சுற்றி வந்து, அவருக்காக ஓர் இடம் விட்டு நின்றமாதிரி இருந்தது. தணிகாசலம் மைக்கின் அருகே வாயைக் கொண்டுபோனார். வீட்டுக்குள் இருக்கும், என்று படித்தார். அடுத்த சொல் பெரிய எழுத்தில், அவள் கையால் அடித்த எழுத்தில், தாளில் இருந்தது. அவள் அதை ஸ்கூல் ஆபீஸில் உட்கார்ந்து, மணிக்கட்டு வலிக்க, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்கிறாள். வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் வரவில்லை. மழைக் கதையைப் படித்துவிட்டால் என்ன? இடது பையில் இருக்கிறதே. எடுத்துப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஏன் மாற்றினீர்கள் என்று அவள் கேட்பாள், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கேட்பாள், அவளுக்கு என்ன சொல்வது? டிரம்ஸ்காரர் பிரஷ்ஷைத் தூக்கிவிட்டார். ரோலண்ட் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மட்டும் சாக்ஸஃபோனுக்குள் விட்டான், பாட்டில்லை, வெறும் காற்று, யாரோ தூங்காமல் புரண்டுகொண்டிருக்கிற மாதிரி. பியூலா ஒற்றைக் கட்டையை மெல்லத் தொட்டாள், பொறுத்தாள், மறுபடி தொட்டாள். அவர் அப்படியே நின்றார், முகம் சிவந்து, கண் நிறைந்து, எழுதிய பாவத்துக்கு ஒரு சொல் வெளியே வராமல். முன்வரிசையில் லோகோ பெரியவர் ஒருவர் கைதட்டினார். பக்கத்து அம்மாள் தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள், தலையை ஒருக்களித்துக்கொண்டு, பழக்கிவைத்தபடி. ஆஹா, என்னமா நிறுத்தினார் பாருங்கள் என்று யாரோ சொல்வது கேட்டது.

பியூலா மட்டும் கைதட்டவில்லை, அவள் கைகள் வேலையாக இருந்தன. அவரைப் பார்த்துத் தாடையை லேசாக ஒரு முறை அசைத்தாள். இந்தத் தடவை அவருக்குப் புரிந்தது. ஊர் கேட்க, ஒரு சொல் விடாமல், எழுதியிருந்தபடியே படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிக்கும் அவள் துணைக்கு வாசித்துக்கொண்டே வந்தாள், ஓரிடத்திலும் விரல் தப்பாமல்.